மிளகளவு களிம்பு

மிளகளவு போதும் என்று டாக்டர் நசீமா சொன்னார். எந்த மிளகு என்று நான் கேட்டிருக்க வேண்டும். என் அஞ்சறைப்பெட்டியில் இருக்கிற மிளகில் ஒன்று மாதிரி ஒன்று இல்லை, வெண்பொங்கலில் கண் முழித்துப் பார்க்கிற பருத்த மிளகும் இருக்கிறது, ரசத்துக்குத் தட்டினால் தூளாகிக் காணாமல் போகிற பொடி மிளகும் இருக்கிறது. புதன்கிழமை முதல் தடவை போடும்போது நிஜமாகவே ஒரு மிளகை எடுத்து வாஷ்பேசின் விளிம்பில் வைத்து அளவு பார்த்தேன், ஐம்பத்திரண்டு வயதுப் பொம்பளை செய்கிற காரியமா இது என்று என்னையே கேட்டுக்கொண்டேன், கேட்டுக்கொண்டே நடுத்தரமாக ஒன்றைப் பொறுக்கினேன். இப்போது மிளகு வேண்டியதில்லை, கைக்கு அளவு வந்துவிட்டது. சோப்புப் போட்டு இரண்டு கையையும் கழுவு, விரல் இடுக்கும் நகமும் சேர்த்து. மூக்கைத் தண்ணீரில் நனைத்த துணியால் மெதுவாகத் துடை, தேய்க்காதே, ஒற்று. ஈரம் போகட்டும். ட்யூபின் வாய் புண்ணில் படக் கூடாது, விரலில் எடு, மூக்குத்தியைச் சுற்றி மெல்லிசாகத் தடவு, மூக்குக்கு உள்ளே போகக் கூடாது, கண்ணுக்குப் பக்கம் போகவே கூடாது. திரும்பவும் கை கழுவு. ஒரு நாளைக்கு இப்படி மூன்று வேளை. சாமிக்கு இரண்டு வேளைதான் விளக்கு ஏற்றுகிறேன், அதுவும் சில நாள் மறந்துபோகிறது, இந்தக் களிம்பை ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. இன்று சனிக்கிழமை, மூன்று நாள் ஆகிவிட்டது. சாயங்காலம் ஐந்து மணிக்கு டாக்டர் பார்ப்பார். புண் குறைந்திருந்தால் மூக்குத்தி இருக்கும், களிம்பை இன்னும் ஒரு வாரம் தொடர வேண்டும். குறையாவிட்டால் மூக்குத்தியைக் கழற்றிவிடுவார். அதற்கு நடுவில் மூன்று மணிக்கு சௌந்தரம் அண்ணி வருகிறார், என் வீட்டுக்காரரின் அக்கா, சின்ன மகன் கல்யாணப் பத்திரிகையோடு. இப்போது மணி இரண்டு பத்து.

லேசாக எரிகிறது. முதலில் ஒரு நிமிஷம் எரியும், பயப்படாதீங்க, தடிப்பு வந்தாலோ முகம் வீங்கினாலோ உடனே நிறுத்திட்டு வாங்க என்று சொல்லியிருக்கிறார். எரிச்சல் பரவாயில்லை, எரிச்சல் போன பிறகு வருகிற அரிப்புதான் ஆளைக் கொல்கிறது. ஒரு மனுஷிக்கு ஒரு நாளைக்கு எத்தனை தடவை கை மூக்குக்குப் போகிறது என்று யாராவது எண்ணியிருக்கிறார்களா, தொடாதே என்று சொன்ன பிறகுதான் கை என்று ஒன்று இருப்பதே தெரிகிறது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், பரீட்சையில் காப்பி அடித்துப் பிடிபட்ட பிள்ளை மாதிரி. ஈ ஒன்று வேறு. இந்த வீட்டில் உட்கார எத்தனை இடம் இருக்கிறது, மேஜையில் மூடாத சர்க்கரை டப்பா இருக்கிறது, அதற்கு என் மூக்குதான் வேண்டும். தலையை ஆட்டி ஆட்டி விரட்டுகிறேன், ஃபேனை ஐந்தில் வைத்தால் ஈ போகும், ஆனால் ஃபேனில் பறக்கிற தூசி மூக்கில் ஒட்டும். மூக்குள்ள வரைக்கும் சளி என்பார்கள், எனக்கு மூக்குள்ள வரைக்கும் வம்பு. எல்லாம் இந்த மூக்கைப் பார்த்து ஒரு பெண் கேட்ட கேள்வியில் ஆரம்பித்தது. கல்லூரியில் தேர்வுப் பிரிவில் எனக்கு வேலை, ஹால் டிக்கெட் கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். வரிசையில் நிற்கிற பிள்ளைகள் பாதிப் பேர் மூக்கில் ஏதாவது மினுங்கும், கிள்ளி மாட்டுகிற வளையம், கறுப்புக் கல், வெள்ளிப் பொட்டு, இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று. ஆகஸ்டு மாதம் ஒரு பி.காம். பெண் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்து, "மேடம், உங்க மூக்குல இருக்கிறது மச்சமா? அழகா இருக்கு" என்றாள். ஆமாம்மா, பிறந்ததிலிருந்து இருக்கு என்றேன். மச்சம் என்று மட்டும் சொல்லியிருந்தால்கூடப் போயிருக்கும், பிறந்ததிலிருந்து என்று ஏன் சேர்த்தேன். மச்சமும் இல்லை, பிறந்ததிலிருந்தும் இல்லை. அங்கே மூக்குத்தி இருந்தது, வீட்டுக்காரர் போன பிறகு கழற்றினார்கள், துளை தூர்ந்து கறுத்துப்போய் ஒரு புள்ளியாக நிற்கிறது. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும், அரை நிமிஷம். அதைச் சொல்லாமல் அடுத்த பெண்ணின் ஹால் டிக்கெட்டைத் தேடி எடுத்தேன்.

அந்தப் பொய் நாலு மாசம் தொண்டையில் முள் மாதிரி நின்றது. நான் ஒன்றும் பொய்யே சொல்லாத உத்தமி இல்லை. என் மகள் பிருந்தா ஓசூரிலிருந்து போன் பண்ணி சாப்பிட்டியாம்மா என்று கேட்டால் சாப்பிடாமலே சாப்பிட்டேன் என்று சொல்கிறவள்தான். ஆனால் இது வேறு. என் முகத்தில் இருப்பதை நானே வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். மார்கழி பிறப்பதற்கு முன்னால் ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், யாரிடமும் சொல்லாமல் கடைவீதி நகைப் பட்டறைக்குப் போய் நின்றேன். ஆசாரி என்னைப் பார்க்காமலே யாருக்கும்மா, பேத்திக்கா என்றார். எனக்குத்தான் என்றேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார், குங்குமம் இல்லை, சின்னக் கறுப்பு ஸ்டிக்கர், ஒன்றும் கேட்கவில்லை, நல்ல மனுஷர். பழைய துளை இருக்கே, தூர்ந்துபோச்சு, தூர்ந்ததைத் திறக்கிறது புதுசா குத்துறதைவிட வலிக்கும், பக்கத்துல குத்தட்டுமா என்றார். வேண்டாம், அதே இடத்தில்தான் என்றேன். அதில் மட்டும் எனக்குப் பிடிவாதம். பக்கத்தில் குத்தினால் ஆசைப்பட்டுக் குத்திக்கொண்டது ஆகும், அதே இடத்தில் குத்தினால் என்னுடையதைத் திருப்பி எடுத்துக்கொண்டது ஆகும், அப்படி ஒரு கணக்கு. வலித்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, ஒற்றைக் கல், ஒரு சுண்டுவிரல் நகத்தில் கால்வாசிகூட இருக்காது. திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியில் அந்தக் கல் தெரிந்தது, பாலத்தில் பஸ் திரும்பும்போது வெயில் பட்டு ஒரு மின்னு மின்னியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பக்கத்து சீட்டு அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஐந்து நாள் நான் சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை. காலையில் எழுந்ததும் கண்ணாடிக்குப் போவேன், பல் தேய்க்கும்போது பார்ப்பேன், சோறு வடிக்கும்போது எவர்சில்வர் மூடியில் பார்ப்பேன்.

ஆறாம் நாள் வீங்கியது. முதலில் மூக்கின் ஓரம் சிவந்து, தொட்டால் சூடாக இருந்தது, மறுநாள் கல்லைச் சுற்றித் தேன் காய்ந்த மாதிரி மஞ்சளாகப் பொருக்குக் கட்டியது, அதற்கு அடியில் சீழ். தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்து வைத்தேன், மஞ்சள் சேலையில் ஆனதுதான் மிச்சம். அப்போதே டாக்டரிடம் போயிருந்தால் நாலு நாளில் கதை முடிந்திருக்கும். போகவில்லை. புண்ணை யாராவது பார்த்துவிட்டால் என்ன சொல்வார்கள் என்பதுதான் புண்ணைவிடப் பெரிசாக வலித்தது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகும். அதனால் மாஸ்க் போட்டுக்கொண்டேன். கொரோனா போய் எத்தனை வருஷம் ஆகிறது, டஸ்ட் அலர்ஜி என்று ஆபீஸில் சொன்னேன், காலை பத்திலிருந்து சாயங்காலம் ஐந்தரை வரை, வியர்வையும் மூச்சும் சேர்ந்து அந்தத் துணிக்குள்ளே புண் வெந்துகொண்டிருந்தது. அப்புறம் மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். போய் நின்று, கடைக்காரப் பையன் என்ன வேணும்மா என்று கேட்டபோது, கால்ல படை மாதிரி வந்திருக்கு, அரிப்பு, ஏதாவது க்ரீம் குடு என்றேன். கால்! மூக்கில் மாஸ்க் போட்டுக்கொண்டு காலைக் காட்டினேன். மூக்குத்திப் புண் என்று சொல்ல வாய் வரவில்லை. அவன் ஏதாவது சீழ் இருக்கா என்றுகூடக் கேட்டான், அதெல்லாம் இல்லை என்றேன். படைக்கு என்ன கொடுப்பானோ அதைக் கொடுத்தான், மூன்று மருந்து சேர்ந்த க்ரீம். அதைக் கொண்டுவந்து முகத்தில் தடவினேன். இரண்டே நாளில் சிவப்பு மாயமாகப் போனது, வீக்கம் வடிந்தது, பார்த்தாயா அம்சவேணி, உனக்கே டாக்டர் பட்டம் கொடுக்கலாம் என்று கண்ணாடியில் என்னையே பாராட்டினேன். சரியாகிவிட்டதே என்று நிறுத்தினேன். நிறுத்திய நாலாம் நாள் மூக்கு பாதி சிவந்து, கன்னம் வரைக்கும் இழுத்துப் பிடித்து, மேலுதட்டின் மேல் புதுசாக இரண்டு கொப்புளம். அப்புறம்தான் டாக்டரிடம் போனேன்.

டாக்டர் நசீமாவுக்கு என் பிருந்தா வயதுதான் இருக்கும். மாஸ்க்கைக் கழற்றச் சொல்லி, கை கழுவி, விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தார், காய்ச்சல் இருக்கா, சர்க்கரை இருக்கா, எந்த மருந்தாவது ஒத்துக்காம போயிருக்கா என்று வரிசையாகக் கேட்டார், என்ன போட்டீங்க என்றார். பையிலிருந்து அந்த ட்யூபை எடுத்து வைத்தேன். அதைத் திருப்பிப் படித்துவிட்டு இதை யார் முகத்துக்குப் போடச் சொன்னது என்றார். கால் கதையைச் சொன்னேன். திட்டப் போகிறார் என்று நினைத்தேன், திட்டவில்லை. பொறுமையாகச் சொன்னார், இதில் ஸ்டீராய்டு இருக்கு, அது சிவப்பை அமுக்கிவிடும், கிருமியை அமுக்காது, மேலே ஆறின மாதிரி காட்டி உள்ளே வளர விட்டிருக்கு. இது பாக்டீரியா பண்ணுகிற புண், இதுக்குத் தனி ஆன்ட்டிபயாட்டிக் களிம்பு, மிளகளவு, மூணு வேளை, வேற எந்த க்ரீமும் மஞ்சளும் எண்ணெயும் இதோட சேரக் கூடாது, மூடி வைக்கக் கூடாது, உங்க துண்டு தனி, உங்க தலையணை உறை தினம் மாத்தணும், இந்த ட்யூபை வேற யாருக்கும் கொடுக்காதீங்க, யாருடையதையும் நீங்க வாங்காதீங்க. நல்லாயிட்ட மாதிரி தெரிஞ்சாலும் நான் சொல்ற நாள் வரைக்கும் நிறுத்தாதீங்க, அதுக்கப்புறம் ஒரு நாள்கூடப் போடாதீங்க, சும்மா சும்மா போட்டா அடுத்த தடவை மருந்து கேட்காது. நான் தலையாட்டிக்கொண்டே மூக்குத்தியைக் கழற்றணுமா என்று கேட்டேன். இதை மட்டும்தான் கேட்க வந்தவள் மாதிரி கேட்டேன் போல, என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். இப்போ வேண்டாம், கழற்றினால் துளை மேலே மூடிக்கொண்டு சீழ் உள்ளே தங்கிவிடும், மூணு நாள் பார்ப்போம், குறையலைன்னா நானே பத்திரமா எடுத்துட்டு மாத்திரையும் ஆரம்பிக்கணும், நடுவுல காய்ச்சல் வந்தாலோ சிவப்பு கண்ணுக்கிட்ட ஏறினாலோ நாள் பார்க்காம ஓடி வாங்க என்றார். பழைய ட்யூபை அவரே குப்பைக்கூடையில் போட்டார்.

அதை எடுத்தால் துளை எத்தனை நாளில் தூரும், பத்து நாளா, ஒரு வாரமா. போன தடவை எத்தனை நாள் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது, அப்போது நான் கண்ணாடியே பார்க்கவில்லை. எனக்கு அப்போது வயது முப்பத்தொன்று. வேலைக்குக் கிளம்பி வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்த மனுஷர் அப்படியே சாய்ந்தார், பிருந்தா அவர் முதுகில் ஏறி விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். பத்தாம் நாள் விடியக்காலை என்னை நடுக்கூடத்தில் உட்கார வைத்தார்கள். வளையல், பூ, பொட்டு எல்லாம் யார் யாரோ, எது யார் கை என்றுகூட எனக்கு நினைவில்லை. மூக்குத்தி மட்டும் சௌந்தரம் அண்ணியின் கை. திருகாணி இறுகிப்போயிருந்தது, கல்யாணத்துக்கு மாட்டியது, பத்து வருஷமாகக் கழற்றவே இல்லை. அண்ணி திருகத் திருக அது வரவில்லை, சுற்றி நின்றவர்கள் சீக்கிரம் சீக்கிரம் என்கிறார்கள், யாரோ எண்ணெய் கொண்டுவந்தார்கள், என் தலையைத் தன் நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு அண்ணி இன்னும் பலமாகத் திருகினார், பொட்டென்று வந்தது, கூடவே ரத்தமும். அண்ணியின் ரவிக்கையில் என் ரத்தம் பட்டது. அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு, தம்பியைப் பறிகொடுத்தவர், பத்து நாளாக என்னைவிட அதிகமாக அழுதவர் அவர்தான். கோபப்படக்கூட எனக்கு வழி இல்லாமல் போனது அதனால்தான். வேறு எவளாவது கழற்றியிருந்தால் இருபத்தொரு வருஷம் அவளை வைது தீர்த்திருப்பேன். அண்ணி ஒவ்வொரு தீபாவளிக்கும் சேலை எடுத்துக் கொடுத்தார், பிருந்தாவுக்குக் காது குத்த அலைந்தார், அவள் பிரசவத்துக்கு என்னோடு ஓசூர் வந்து பத்து நாள் துணி அலசினார், நாங்கள் இரண்டு பேரும் பேசாத விஷயமே கிடையாது, அந்த ஒன்றைத் தவிர. அந்தப் பழைய மூக்குத்தி பிருந்தாவின் கம்மலோடு சேர்ந்து உருகிப் போயிற்று. நல்லதுதான். அதைத் திரும்ப மாட்டிக்கொள்ளும் தைரியம் எனக்கு வந்திருக்காது.

குறைந்திருக்கிறதா இல்லையா. இதுதான் எனக்குத் தெரியவில்லை. காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன், குறைந்த மாதிரி இருந்தது. பதினொரு மணிக்கு டியூப்லைட்டில் பார்த்தேன், கூடின மாதிரி இருந்தது. மறுபடி ஜன்னலுக்குப் போனேன், இப்போது ஜன்னலிலும் கூடின மாதிரி. ஒரு தடவை ஏமாந்த கண் இது, இரண்டு நாள் சிவப்பு போனதைப் பார்த்துத் துள்ளிய கண், இதை எப்படி நம்புவது. தினம் ஒரு போட்டோ அனுப்பும்மா என்று பிருந்தா சொன்னாள், மூன்று போட்டோவிலும் மூன்று மூக்கு இருக்கிறது, எதுவும் என்னுடையது மாதிரி இல்லை, அவளும் குறைஞ்சிருக்குன்னுதான் நினைக்கிறேன் என்று இழுக்கிறாள், என் மனசு நோகக் கூடாது என்று இழுக்கிறாள். எனக்கு மனசு நோகாமல் சொல்கிற ஆள் வேண்டாம். இரண்டு முப்பத்தைந்து. அண்ணி வருவதற்குள் களிம்பைத் துடைத்துவிட்டு மாஸ்க்கை மாட்டிக்கொள்ளலாம், சளி என்று சொல்லலாம், இருமிக்கூடக் காட்டலாம். மாஸ்க் கொடியில்தான் தொங்குகிறது, துவைத்தது. ஒரு வேளைதானே, ஒரு மணி நேரம்தானே. ஆனால் அண்ணிக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், ஊர் வாயை மூட உலைமூடி ஏது, காலையில் போனில் மூணு மணிக்கு வரேன், வீட்ல இருப்பல்ல என்று கேட்டதில் ஒரு அழுத்தம் இருந்தது. தெரிந்தே வருகிறார். வந்து பார்த்து, இதுக்குத்தான் சொல்றது, ஆகாததை ஏன் செய்யணும், பாரு எப்படிப் புண்ணாகிக் கிடக்குன்னு என்று சொல்வார். சொல்லாவிட்டாலும் நினைப்பார். அப்படி நினைக்கிறவர்கள் எல்லாரும் ஜெயித்துவிடுவார்கள், சாயங்காலம் டாக்டர் அதைக் கழற்றித் தட்டில் போட்டால். கிருமிக்குத் தெரியுமா நான் யார் பெண்டாட்டி, யார் இல்லாமல் இருக்கிறேன் என்று. பி.காம். பெண்ணின் மூக்கிலும் இதே கிருமிதான் உட்காரும், அவளிடம் யாரும் ஆகாது என்று சொல்ல மாட்டார்கள், ஸ்கின் டாக்டரைப் பாரு என்றுதான் சொல்வார்கள். இது எனக்கு நன்றாகத் தெரிகிறது, தெரிந்துகொண்டே இந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஒருவேளை அவர்கள் சொல்வது நிஜமோ, ஒருவேளை ஆகாதுதானோ என்று நானே எனக்குள் ஒரு ஓரத்தில் முனகுகிறேன். அந்த முனகல்தான் எனக்கு அவமானமாக இருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் காலைக் காட்ட வைத்தது அதுதான். கழற்ற வேண்டுமென்றால் கழற்றட்டுமே. டாக்டர் கழற்றினால் மருந்துக்காகக் கழற்றுகிறார், என்னை யாரும் பிடித்து அழுத்தப் போவதில்லை, ஆறின பிறகு அதே ஆசாரி, அதே இடம். இதை யோசித்ததும் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது, அடுத்த நிமிஷமே மறுபடியும் குறைந்திருக்கிறதா இல்லையா என்று மனசு சுற்ற ஆரம்பிக்கிறது. ஈ போய்விட்டது போல. இல்லை, கண்ணாடி மேல் உட்கார்ந்திருக்கிறது.

காலிங் பெல் அடித்தபோது மணி இரண்டு ஐம்பதுதான். அண்ணிக்கு எங்கேயும் முன்னால் போய் நிற்கிற பழக்கம். எழுந்தேன், கை கொடிக்குப் போனது, மாஸ்க்கைத் தொட்டது, அதை அப்படியே விட்டுவிட்டுப் போய்க் கதவைத் திறந்தேன். மூக்கில் களிம்பு மினுமினுவென்று. அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார், பார்த்தார். உள்ளே வந்து பையை மேஜையில் வைத்தார், ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தார், மூன்று மாடி ஏறி வந்தவருக்கு மூச்சு வாங்கியது. அவர் உட்காருவதற்குள் சொல்லிவிட வேண்டும், உட்கார்ந்துவிட்டால் காப்பி, பத்திரிகை, சம்பந்தி வீடு என்று பேச்சு வேறு பக்கம் ஓடிவிடும். நான் சொன்னேன்: "அண்ணி, மூக்கு குத்திக்கிட்டேன். நானாத்தான் போய்க் குத்திக்கிட்டேன். புண்ணாயிருச்சு. சாயங்காலம் டாக்டர் பாக்கணும், குறையலைன்னா கழட்டிருவாங்க. எனக்குப் பாத்தா ஒண்ணும் தெரியல. நீங்க பாத்துச் சொல்லுங்க, உள்ளதைச் சொல்லுங்க." அண்ணி கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு என்னை ஜன்னல் பக்கம் வரச் சொன்னார். முகவாயைப் பிடித்துத் திருப்பக் கை நீட்டினார், தொடாதீங்க அண்ணி, தொடக் கூடாது என்றேன். நீட்டிய கை அப்படியே நின்றது, அப்புறம் அதை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். குனிந்து, சாய்ந்து, அந்தப் பக்கம் வந்து, இந்தப் பக்கம் வந்து பார்த்தார். ஒரு மனுஷி என் முகத்தை இவ்வளவு நேரம் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

சீழ் இல்லை என்றார். நேற்று எப்படி இருந்ததோ தெரியாது, இப்போது சீழ் இல்லை, கன்னத்தில் சிவப்பு இல்லை, கல்லைச் சுற்றி மட்டும் இருக்கிறது, அதுவும் ஓரத்தில் தோல் உரிகிறது, ஆறுகிற புண்தான் உரியும், உதட்டு மேலே இருக்கிற கொப்புளம் காய்ந்துபோச்சு என்றார். அண்ணி என்னைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்கிறவர் இல்லை, அது எனக்குத் தெரியும், என் சமையலை ஒருநாளும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. டாக்டர் கழட்டணும்னு சொன்னா என்ன பண்ணுவே என்று கேட்டார். கழட்டிருவேன் அண்ணி, அவங்களுக்குத் தெரியும், ஆறினதும் திரும்பக் குத்திக்குவேன் என்றேன். அண்ணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். எதிர் வீட்டு மொட்டை மாடியில் யாரோ வடகம் பிழிந்துகொண்டிருந்தார்கள். இப்போது வரும், ஆகாது என்கிற வார்த்தை இப்போது வரும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு அந்தத் திருகாணி வரவே இல்லடி" என்றார். "எனக்குக் கை நடுங்குச்சு. எல்லாரும் சீக்கிரம் சீக்கிரம்னாங்க. உனக்கு ரொம்ப வலிச்சுதா, அம்சா?"

இல்லை என்கிற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, கேட்ட உடனே வருகிற வார்த்தை அது. அண்ணியின் இரண்டு கையும் இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன.

"வலிச்சுது அண்ணி" என்றேன். "ரொம்ப வலிச்சுது."

அண்ணி தலையை ஆட்டினார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார், துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். பத்திரிகை பைக்குள்ளேயே இருந்தது. அப்புறம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, டாக்டரிடம் எத்தனை மணிக்கு என்று கேட்டார். ஐந்துக்கு என்றேன். "நானும் கூட வரேன்" என்றார்.